கோட்டுக்கு வெளியே நிற்பவன்

ஆடுகிறவனுக்கு அறம் உண்டு. நடுவருக்கும் அறம் உண்டு. இவ்விருவரும் நடந்துகொள்ள வேண்டிய முறை அச்சிட்ட விதிநூலாகவே கிடைக்கிறது. ஆனால் ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு அறம் என்று ஒன்று உண்டா? உண்டெனில் அது யாது? எப்பக்கமும் சாராமல் பார்ப்பதா? ஒரு பக்கத்தைத் தனதாகக் கொண்டு பார்ப்பதா? பொழுதுபோக்கும் காரியத்தில் இத்தகைய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பிறந்த மண் ஒன்று, பிழைக்கும் மண் மற்றொன்று என்று வாழ்கிற நம் குடும்பங்களுக்கு இது நகைப்புக்குரிய கேள்வியன்று என்பதே என் எண்ணம்.

நான் வேடிக்கை பார்க்கக் கற்ற இடம் சென்னையில் உள்ள லயோலா கல்லூரியின் கூடைப்பந்துக் களம். அப்போது நாங்கள் சூளைமேட்டில் குடியிருந்தோம். நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தைக் கடந்துவிட்டால் அப்பால் கல்லூரி. 1925ஆம் ஆண்டில் இயேசு சபையினர் தொடங்கிய அக்கல்லூரியின் நிறுவனர் பிரெஞ்சு நாட்டவரான பெர்ட்ரம் அடிகளார். அவர் நினைவாகக் கல்லூரிகளுக்கிடையே நடத்தப்படும் போட்டிகள் விளையாட்டு உலகில் பெயர் பெற்றவை. 1990களில், பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல், புத்தகப்பையைத் தோளில் சுமந்தபடியே நாங்கள் நாலைந்து சிறுவர்கள் அங்குப் போய் நிற்போம். எங்களை யாரும் அழைத்ததில்லை, யாரும் விரட்டியதுமில்லை.

கூடைப்பந்தைப் பார்ப்பதற்கும் கிரிக்கெட்டைப் பார்ப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் ஆட்டக்காரன் நமக்கு எட்டாத தொலைவில் வெண்புள்ளியாக நிற்கிறான். கூடைப்பந்துக் களமோ நீளத்தில் 28 மீட்டர், அகலத்தில் 15 மீட்டர், அவ்வளவுதான். கோட்டை ஒட்டிச் சப்பணமிட்டு அமர்ந்துவிட்டால் ஆட்டக்காரரின் மூச்சிரைப்பு காதில் விழும். வேர்வைத் துளி நம்மீது தெறிக்கும். ஒருவரையொருவர் அவர்கள் மெல்லிய குரலில் திட்டிக்கொள்வதும் கேட்கும். (வீட்டில் சொன்னால் வாயில் மிளகாய் தேய்க்கத்தக்க சில சொற்களை நான் முதலில் கேட்டது அங்கேதான்.) பந்து கோட்டைத் தாண்டி வந்தால் எடுத்துக் கொடுக்கும் பேறு எங்களுக்குரியது. அந்த ஒரு கணம் அந்தப் பந்தின் சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கும். அதற்காகவே அடித்துக்கொண்டவர்கள் நாங்கள்.

எங்களுக்கென்று அணி ஏதும் அங்கு இல்லை. நாங்கள் எந்தக் கல்லூரியின் மாணவர்களும் அல்லோம். எங்கள் வீடுகளில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர்களும் மிகச் சிலரே. எனினும் களத்தருகே சென்று ஐந்து நிமிடங்களுக்குள் எங்களுக்கு ஒரு பக்கம் அமைந்துவிடும். ஒரு நாள் சட்டையின் நிறம் காரணம். மற்றொரு நாள், பந்தை எடுத்துக் கொடுத்தபோது ஒருவர் "தேங்க்ஸ் தம்பி" என்று சொன்னது காரணம். பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் பக்கமே எங்கள் பக்கமாகும். இப்படி நொடியில் பிறந்த பற்று ஆட்டம் முடிவதற்குள் எப்படி அவ்வளவு ஆழமாக வேர்விடுகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பே. நாங்கள் சார்ந்த அணி தோற்ற நாளில் சோறு இறங்காது.

அங்கு நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர் இருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மடக்கிய குடை. எந்த அணி நல்ல பந்தைப் போட்டாலும் ஒரே அளவாகக் கைதட்டுவார். மூன்று புள்ளி தரும் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் வலையில் இறங்கினால் "ஆகா!" என்பார், அதை எறிந்தவர் எந்தக் கல்லூரி என்று திரும்பியும் பாரார். யார் வென்றாலும் குடையை எடுத்துக்கொண்டு அதே நடையில் போய்விடுவார். 'இவர் எந்தப் பக்கம்?' என்று நாங்கள் வெகுநாள் விவாதித்தோம். நடுவு நிலைமை என்றதும் திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குடைக்காரரின் உருவமே எனக்கு நெடுங்காலம் முன்னே வந்து நின்றது.

அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் கூட்டத்துச் சிறுவன் ஒருவனின் செயல். ஒரு மாலை, நாங்கள் அன்று தேர்ந்தெடுத்திருந்த அணி ஓரிரு புள்ளிகள் பின்தங்கியிருந்தது; ஆட்டம் முடிய மிகச் சிறிது நேரமே இருந்தது. பந்து எங்கள் பக்கத்துக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. கடைசியாகப் பட்டது எங்கள் அணிக்காரரின் விரல். நடுவர் அப்போது மறுபுறம் இருந்தார். அவருக்கு அது தெரிய வழியில்லை. கோட்டருகே அமர்ந்திருந்த எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவர் பந்தை எங்கள் அணிக்கே கொடுத்தார். உடனே அந்தச் சிறுவன் உரக்கச் சொன்னான்: "அண்ணா, உங்க கைதானே பட்டுச்சு!" இதைச் சொன்னவன் எங்களுள் மிகவும் உரத்த குரலில் அந்த அணிக்காகக் கத்திக்கொண்டிருந்தவன். அந்த ஆட்டக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், பந்தை உள்ளே எறிந்தார். ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் அணி வென்றது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு வசைதான். "உன்னை யாருடா கேட்டா? நீ நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று ஒருவன் உலுக்கினான். அவன் அழவில்லை, வாதாடவுமில்லை. "நம்ம பக்கம்தான். ஆனா பட்டுச்சில்ல?" என்றான். இதைத் தவிர வேறு விடையை அவனிடமிருந்து எங்களால் பெற முடியவில்லை. அக்காலத்தில் நடுவர் ஊதியவுடன் தவறு புரிந்த ஆட்டக்காரர் தாமே கையை உயர்த்திக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. இன்று அது அருகிவிட்டது. அழகிய வழக்கமே. ஆனால் அது நடுவர் கண்டுபிடித்த பிறகு உயரும் கை. எங்கள் நண்பன் உயர்த்தியதோ நடுவர் காணாதபோது உயர்ந்த கை. அதுவும் தன் அணிக்காக உயர்த்திய கை.

குடைக்காரரையும் இச்சிறுவனையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. குடைக்காரர் கலையைச் சுவைத்தவர். சுவைஞருக்கு யார் வென்றாலும் இழப்பில்லை. இழப்பில்லாதவர் நேர்மையாக இருப்பதில் பெருமை என்ன இருக்கிறது? எடையே வைக்காத தராசு நேராக நிற்பதைப் போன்றதே அது. சிறுவனுக்கோ தட்டில் எடை இருந்தது. தன் அணி வெல்ல வேண்டும் என்ற ஆசை அவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்த ஆசையோடு நின்றபடியே அவன் கண்டதைச் சொன்னான். பற்று அவன் கண்ணை மறைக்கவில்லை. கண்டது அவன் பற்றை அறுக்கவுமில்லை. மறுநாளும் அவன் அதே அணிக்காகவே கத்தினான்.

பக்கம் சாராதவனின் நிலை எத்துணை வலுவற்றது என்பதைப் பாரதம் பலராமன் வாயிலாகக் காட்டுகிறது. வீமனும் துரியோதனனும் அவனிடம் கதைப்போர் பயின்றவர்கள். இரு தரத்தாரும் உறவினர். ஆகவே அவன் எப்பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரைக்குப் போய்விட்டான். போர் முடியும் தறுவாயில் திரும்பி வந்தவன் கடைசிக் கதைப்போரை மட்டும் பார்வையாளனாக நின்று பார்க்கிறான். வீமன் விதிக்கு மாறாகத் தொடையில் அடித்ததும் கலப்பையை ஓங்கிக்கொண்டு எழுகிறான். விதியை மட்டும் நோக்கினால் அவன் சினம் முற்றும் நியாயமானது. ஆனால் அவையில் திரௌபதிக்கு நேர்ந்ததையும், வீமன் உரைத்த சபதத்தையும் கண்ணன் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நடுநிலை என்று விலகிப்போனவன் ஆட்டத்தின் கடைசி நிமிடத்துக்கு மட்டும் வந்து, அதில் நடந்த தவறொன்றை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்ல முற்படுகிறான். கண்ணன் சொன்னதைக் கேட்டும் அவன் மனம் அமைதி கொள்ளவில்லை. அப்படியே துவாரகைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அடி தொடையில்தானே விழுந்தது?

இச்சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் திருவிழாவின்போது படுகளம் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கூடியிருப்பவர் அனைவரும் அம்மனின் பக்கம். ஆகவே வீமனின் பக்கம். ஆயினும் அந்த மண்ணுருவம் வீழ்ந்த பிறகு அதற்காக ஒப்பாரி வைப்பதும் அதே திருவிழாவின் பகுதியாக இருக்கிறது. வெல்ல வேண்டியவன் வென்றதில் மகிழ்ச்சி, வீழ்ந்தவனுக்காக அழுகை. கல்வியறிவற்றவர்கள் என்று நாம் ஒதுக்கும் மக்கள் பார்வையாளனின் அறத்தை எவ்வளவு நுட்பமாக அமைத்துவைத்திருக்கிறார்கள்!

இதுகாறும் ஒரு பக்கம் உடையவனைப் பற்றிப் பேசினோம். இரு பக்கங்களும் தன்னவையாக இருப்பவன் என்ன செய்வான்? இதற்குக் கூடைப்பந்தின் தந்தையே சான்றாக நிற்கிறார். சேம்ஸ் நெய்ஸ்மித் 1861இல் கனடா நாட்டில் பிறந்தவர். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் அரங்குக்குள் ஆடுவதற்கென்று இவ்வாட்டத்தைப் படைத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டு, விதிகள் பதின்மூன்று. முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து. பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் அணியைப் பயிற்றுவித்தார். ஆட்டத்தைப் படைத்தவரின் அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது என்பது சுவையான செய்தி. 1925இல் அமெரிக்கக் குடிமகனானார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. முதியவரான நெய்ஸ்மித் அதைக் காண அங்குச் சென்றிருந்தார். இறுதி ஆட்டத்தில் மோதிய நாடுகள் எவை? அமெரிக்காவும் கனடாவும்! பிழைத்த மண்ணும் பிறந்த மண்ணும். ஆட்டம் திறந்தவெளியில் நடந்தது, மழை கொட்டியது, களம் சேறாயிற்று. பந்தைத் தரையில் தட்டி ஓட இயலாத அந்தச் சேற்றில் அமெரிக்கா 19க்கு 8 என்ற கணக்கில் வென்றது. பதக்கங்களை வழங்கியவர்களுள் நெய்ஸ்மித்தும் ஒருவர். அன்று அவர் எந்தப் பக்கம் என்று கேட்பது எத்துணைப் பொருளற்ற கேள்வி! வென்றதும் அவருடையது, தோற்றதும் அவருடையது, ஆட்டமே அவருடையது. மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அவ்வழி பரவிய விளையாட்டுக் கல்வியின் நிழல்தான் சூளைமேட்டுச் சிறுவர்களாகிய எங்கள் மீதும் விழுந்தது. கூடைப்பந்தில் இந்திய அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980இல் மாஸ்கோவில் ஒரே ஒரு முறைதான். ஆகவே உலக அரங்கில் இவ்வாட்டத்தைப் பார்க்கும் இந்தியன் பெரும்பாலும் பிறர் ஆட்டத்தைப் பார்க்கிறவனாகவே இருக்கிறான். கோட்டுக்கு வெளியே நிற்பது நமக்குப் பழகிய நிலை.

நெய்ஸ்மித்தின் நிலையைத் தமிழ்ப் புலவர் ஒருவர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். சோழர் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது, கோவூர்கிழார் இருவரையும் நோக்கிப் பாடினார். இருவர் கண்ணியும் ஆத்திதான். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் கருத்து. அவர் பக்கம் சாராதவரல்லர். ஒரு குடியின் இரு பக்கங்களையும் சார்ந்தவர்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரையில் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. குப்பமும் இராமகுப்பமும் ஆந்திரத்தில் நின்றன. கோடு காகிதத்தில் கிழிக்கப்பட்டது. சந்தையில் இன்றும் விலையைத் தெலுங்கில் கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் சலித்துக்கொண்டு போகிறவர்களைக் காணலாம். மைய அரசுப் பணி என்னை இங்குக் கொணர்ந்தது. என் மகள் பிறந்ததும் வளர்வதும் இங்கேதான்.

சென்ற ஆண்டு குப்பத்தில் பள்ளிகளுக்கிடையே மாணவியர் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. ஒருபுறம் என் மகள் பயிலும் பள்ளி. மறுபுறம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்நாட்டுப் பள்ளியொன்று. நானும் தமிழன்பரான நண்பர் ஒருவரும் பார்க்கப் போயிருந்தோம். என் மகள் கோட்டருகே நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "வெய்யக்கா, வெய்யி!" என்று தெலுங்கில் கூவிக்கொண்டிருந்தாள். அக்கூவலில் 'அக்கா' மட்டுமே இரு மொழிக்கும் பொதுவான சொல். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தம்முள் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டு ஆடினர். அதைக் கேட்கும்போது எனக்குள் ஏதோ நெகிழ்ந்தது உண்மை. அவர்கள் போட்ட பந்துக்கும் நான் கைதட்டினேன், குடைக்காரரைப் போலன்று, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பக்கம் வலித்தது.

திரும்பும் பேருந்தில் நண்பர் தம் வருத்தத்தைச் சொன்னார். அவர் சினந்து பேசவில்லை. அதனால்தான் அவர் சொல் தைத்தது. "சார், வீட்டில் தமிழ் பேசுகிறாள், சரி. நிதானமாக இருக்கும்போது எந்த மொழியும் பேசலாம். ஆவேசம் வரும்போது எந்த மொழி வாயில் வருகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் மொழி. இன்று நான் கேட்டது தெலுங்கு." இதை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் பிள்ளைகள் தமிழை மறப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் கூவலிலிருந்தும், பிறகு விளையாட்டிலிருந்தும், பிறகு கனவிலிருந்தும் அது விலகுகிறது. கடைசியில் திருமண அழைப்பிதழில் மட்டும் தங்குகிறது. எத்தனையோ குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறோம்.

முன் இருக்கையிலிருந்த மகள் திரும்பி, "மாமா, எங்க ஸ்கூல் அக்காதானே ஆடினாங்க? நான் வேற யாருக்குக் கத்துவேன்?" என்றாள். தமிழில்தான் கேட்டாள்.

அவள் சொன்னதில் நான் அதுவரை எண்ணிப் பாராத ஒன்று இருந்தது. பிறந்த மண், பிழைக்கும் மண் என்று இரண்டாகப் பிரித்து, நெய்ஸ்மித்தைப் போல இரண்டுக்கும் இடையே நிற்பவன் நான், அவளல்லள். அவளுக்கு இம்மண்ணே பிறந்த மண். புலம்பெயர்ந்தவன் நான், அவள் எங்கும் பெயர்ந்து வரவில்லை. என் இரு பக்க வலியை அவளும் படவேண்டும் என்று எதிர்பார்ப்பது என் பாரத்தை அவள் முதுகில் ஏற்றுவதாகும். பந்தை எடுத்துக் கொடுத்தபோது "தேங்க்ஸ் தம்பி" என்றவருக்காக நாங்கள் தொண்டை கிழியக் கத்தியதை எண்ணினால், நாள்தோறும் உடன் பயில்கிற அக்காவுக்காக அவள் கத்துவது எவ்வளவோ மேலான பற்று.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கள் மகளுக்கு இது சரி சார். அவள் பிள்ளைக்கு?" என்றார். அதற்குள் இராமகுப்பம் வந்துவிட்டது, இறங்கினோம்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தரப்போவதாகவும், மகளை அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். அனுப்புகிறேன். ஆர்வமாகவே போகிறாள், பாட்டிக்கு எழுதும் கடிதத்தில் இப்போது றகரமும் ரகரமும் இடம் மாறுவதில்லை. ஞாயிறன்று பள்ளி அணிக்கு ஆட்டம் இருந்தால் மட்டும் வகுப்புக்குப் போவதில்லை; களத்துக்குப் போய்விடுகிறாள். நண்பர் வருகைப் பதிவேட்டில் அந்நாள்களில் அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் குறிக்காமல் விட்டிருக்கிறார்.